ஒற்றைச் சிறகுத் திருக்கை

“மேற்படி நபர்: வயது இருபத்திரண்டு. உயரம் நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர். இடது புருவத்தின் மேல் மச்சம். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களைப் பிரித்தறியும் திறன் அறவே இல்லை. சிக்னல் பிரிவுக்கு மட்டுமன்றி, நிறம் சார்ந்த எந்தப் பணிக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர்.”

ரயில்வே மருத்துவக் குழு மூன்று கையெழுத்தும் ஒரு ரப்பர் முத்திரையும் போட்டு இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்தது. உயரத்திலும் மச்சத்திலும் பிழை கிடையாது. நிறம் சார்ந்த எந்தப் பணிக்கும் தகுதியற்ற அந்த மனிதர்தான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், எண்ணூற்று நாற்பது நிற நூல்கள் அடுக்கிய பூத்தையல் கடையை ஆயுள் முழுக்க நடத்தினார். சந்து அவருக்கு வைத்த பெயர் சிக்னல். கிடைக்காத வேலையின் பெயரால் ஒருவரை அழைப்பதில் சந்துக்காரர்களுக்குத் தனி ருசி. அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

மருத்துவர்கள் பொய் சொல்லவில்லை. சிவப்பு என்பது அவர் கண்ணுக்குக் கறுப்பின் பங்காளி. தக்காளிச் சிவப்பும் அடுப்புக்கரியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும். அதனால் கடையின் நூல் அடுக்கில் அவர் நிறத்தைப் பார்த்து எதையும் வைக்கவில்லை. இருட்டானது இடது ஓரத்தில், வெளிச்சமானது வலது ஓரத்தில் என்று ஒரே வரிசை. கருநீலத்துக்குப் பக்கத்தில் குங்குமச் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் பாசிப்பச்சை என்று பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவருக்கோ ஒரு படிக்கட்டு மாதிரி ஒழுங்காகத் தெரியும். வாடிக்கையாளருக்கு நிஜமான நிறம் வேண்டும் என்றால் அது மனைவியின் இலாகா. அவர் மருந்துக் கடையில் வேலை பார்த்தார். மாலை வந்ததும் ஒவ்வொரு நூல்கண்டின் அட்டையிலும் நிறத்தின் பெயரை எழுதி வைப்பார்.

“டாக்டருங்க கையெழுத்தையே படிக்கிறவ நான். உங்க கண்ணுக்கும் சேத்துப் படிக்க மாட்டேனா?” என்பது அவர் பேச்சு.

ஒருமுறை மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஒரு கால்பந்து அணியின் சின்னத்தில் சிக்னல் பச்சை இலைகளைப் பழுப்பில் தைத்துவிட்டார். அணித் தலைவர் சண்டைக்கு வந்தார். அந்த வருடம் அணி கோப்பையை வென்றது. மறு வருடம் அதே தலைவர் வந்து, “இலை காய்ஞ்சே இருக்கட்டும் மாஸ்டர்” என்றார்.

கணக்கு டீச்சர் கடைக்கு வந்தபோது சிக்னலுக்கு வயது நாற்பத்தெட்டு. டீச்சர் கொண்டையில் சிவப்புப் பேனா செருகியிருந்தார். கக்கத்தில் ஒரு துணிச் சுருள், கையில் ஆறு கிராஃப் தாள்களை ஒட்டிச் செய்த ஒரு பெரிய தாள்.

“மாஸ்டர், மீன் தைப்பீங்களா?”

“என்ன மீன் டீச்சர்? பள்ளிக்கூட பேட்ஜுக்கா?”

டீச்சர் தாளை மேசையில் விரித்தார். பென்சில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்துவரை ஏதோ ஓர் எண். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோதுதான் சிக்னலுக்கு உருவம் பிடிபட்டது. திருக்கை. இரண்டு பக்கமும் சிறகு விரித்து, சாட்டை வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் தட்டை மீன். புள்ளிகள் அதன் முதுகில் இருந்தன.

“அறுநூத்திப் பதினாலு நட்சத்திரம். எண்ணிட்டேன்” என்றார் டீச்சர். “நம்பர் பெருசாக ஆக வெளிச்சம் ஜாஸ்தி. எல்லாம் என் வீட்டுக்காரர் வச்ச புள்ளி.”

அவர் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏழு மாதத்துக்கு முன்னால் கப்பல் மூழ்கிவிட்டது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் மிதந்தவரை வேறொரு கப்பல் தூக்கி வந்து கரை சேர்த்தது. அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார். தண்ணீரில் இறங்கி நிற்கிறார். இருட்டியதும் திரும்பி வருகிறார். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்குப் பதிலாகத்தான் இந்தப் புள்ளிகளை வைத்தாராம்.

“வந்ததும் பேன்ட்டைக் கழட்டிப் போடுவார். எதுவரைக்கும் ஈரம்னு நான் ஸ்கேல் வச்சு அளப்பேன்” என்றார் டீச்சர். பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் படிக்கும் குரல். “முதல் மாசம் கணுக்கால். போன வாரம் எழுபத்தோரு சென்டிமீட்டர். அவர் உயரம் நூத்தி எழுபது. மாசம் பத்து சென்டிமீட்டர்னு வச்சா…”

“டீச்சர், அந்தக் கணக்கப் போட வேண்டாம்.”

“போட்டாச்சு மாஸ்டர்.”

டீச்சருடைய யோசனை எளிமையானது. மனிதர் அதைப் பார்க்கத்தானே கடலுக்குப் போகிறார்? அதை வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். மூன்று பேரிடம் மாதிரி தைத்து வாங்கியிருந்தார். மூன்றும் நீலப் பட்டு நூல், வெள்ளி ஜரிகை. கணவர் மூன்றையும் பார்த்தார். “அழகா இருக்கு” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

துணியைப் பிரித்துக் காட்டினார் டீச்சர். வெளிச்சம் புகாத கறுப்புத் திரைச்சீலை. ஒரு பக்கம் ரப்பர் மாதிரி மெழுகியிருந்தது. கடலைப் பார்த்த மேற்கு ஜன்னலுக்காக வாங்கியதாம்.

மறுநாள் மாலை கப்பல்காரரே வந்தார். ஐம்பத்து மூன்று வயது, நல்ல தோள்பட்டை. ஆனால் ஒரு நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அது மிதக்குமா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நூல் அடுக்கை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். மூன்று கடைகளில் நீலப் பெட்டியைத் திறந்து காட்டியிருப்பார்கள். இங்கே அப்படி ஒரு பெட்டியே இல்லை. எழுந்து போய் அடுக்கின் முன்னால் நின்றார்.

“இது சரியா இருக்கு” என்றார்.

“எது அண்ணே?”

“இந்த வரிசை.”

இருவரும் நூல் எடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. கப்பல்காரர் கிராஃப் தாளில் ஓர் இடத்தைத் தொடுவார், “இங்க, இருட்டு. ஆனா முழு இருட்டு இல்ல” என்பார். சிக்னல் ஒரு கண்டை எடுத்துக் கறுப்புத் துணிமேல் வைப்பார். கப்பல்காரர் தலையசைப்பார், அல்லது ஒரு விரலை வலப்பக்கமாக நகர்த்துவார். சிக்னல் ஒரு கண்டு வலப்பக்கம் போவார். இப்படியே பதினேழு கண்டுகள் மேசைக்கு வந்தன. அப்போது மருந்துக் கடையிலிருந்து வந்த மனைவி, அட்டைகளைப் படித்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏங்க, செங்கல், குங்குமம், தக்காளி, பாசி, கடுகு, வெங்காயத் தோல்… என்னங்க இது? காய்கறி வண்டி கவுந்த மாதிரி இருக்கு.”

“அண்ணனுக்குப் பிடிச்சிருக்கு.”

“அவருக்கு உடம்பு சரியில்ல. உங்களுக்கு என்ன?”

கப்பல்காரர் இதைக் காதில் வாங்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிக் கையால் காட்டினார். வெளியே பொழுது மங்கிக்கொண்டிருந்தது. மனைவி விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிவப்புகள் ஒவ்வொன்றாகக் கறுப்புக்குள் அமிழ்ந்தன. பச்சைகள் மேலே வந்தன. மேசைமேல் கிடந்தது வெறும் பதினேழு கண்டு நூல். எந்த உருவமும் இல்லை. ஆனாலும் துணிக்கு ஆழம் வந்துவிட்டது. மேசை இருக்க வேண்டிய இடத்தில் மேசை இல்லாதது போலிருந்தது. மனைவி சுவர்வழியாகக் கையை நகர்த்திச் சுவிட்சைத் தேடி விளக்கைப் போட்டார். மறுபடி காய்கறி வண்டி.

“இந்த நூலெல்லாம் எப்பவும் உங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்?” என்று கணவரிடம் கேட்டார்.

“இப்ப தெரிஞ்ச மாதிரிதான்” என்றார் சிக்னல். “ஏன், பகல்ல உனக்கு வேற மாதிரியா?”

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த ஒரு விஷயம் அன்றைக்குத்தான் அந்த அம்மாளுக்கு முழுதாகப் புரிந்தது. மற்றவர்களுக்கு அந்தி ஒரு நாளில் அரை மணி நேரம். அவருடைய கணவருக்கு அது முழு நேர வேலை.

தையல் வகைகளைச் சிக்னல் தானே முடிவு செய்தார். முதுகுக்கு நீண்டதும் குட்டையுமாக மாறி மாறிப் போகும் நிரப்புத் தையல். இழை போகும் திசை மாறும் இடத்தில் பளபளப்பும் மாறும். சாட்டை வாலுக்குக் காம்புத் தையல். சிறகின் விளிம்புக்கு மீன்முள் தையல், அதுவும் நெருக்கமாக இல்லாமல், கரைந்து போகிற மாதிரி இடைவெளி விட்டு. நட்சத்திரங்களுக்கு முடிச்சுத் தையல். டீச்சரின் எண் ஒன்றென்றால் ஊசியில் நூலை ஒரு சுற்று, ஐந்தென்றால் ஐந்து சுற்று. அதற்கென்று தடித்த ஊசி, ஆறு இழை நூல். வலது சிறகிலிருந்து தொடங்கினார்.

மூன்று வாரத்தில் வலது சிறகும் முதுகும் வாலும் எழுந்துவிட்டன. சந்துக்காரர்கள் பகலில் எட்டிப் பார்த்து, “சிக்னலு, இது என்ன, கீரை வடிகட்டுற துணியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அதே ஆட்கள் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி நடந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தேநீர்க் கடைக்காரர் மட்டும் ஒருநாள், “அது திரும்புது. நான் இந்தப் பக்கம் நடந்தா இந்தப் பக்கம் திரும்புது” என்றார். அது இழையின் பளபளப்பு, பார்க்கிற கோணம் மாறினால் அப்படித்தான் தெரியும் என்று சிக்னல் பொறுமையாக விளக்கினார். விளக்கம் முழுக்க முழுக்கச் சரி. சொல்லி முடித்தபின் அவரே அந்தத் துணிமேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினார்.

மற்றவர்களுக்கு அது சாயங்காலத்துச் சமாசாரம். அவருக்கு நடுப்பகலிலும் எதிரே விரிந்து கிடந்தது. சாப்பிடும்போது முதுகைத் திருப்பிக்கொண்டார்; முதுகில் குளிர்ந்தது. ஊசியைக் கீழே செலுத்தி மேலே இழுக்கும்போது சில தடவை நூல் ஈரமாக வருவது போலிருந்தது. விரலை வேட்டியில் துடைத்துப் பார்ப்பார். விரல் காய்ந்துதான் இருக்கும்.

இதற்கிடையில் கணக்கு டீச்சரின் ஸ்கேல் நல்ல சேதி சொன்னது. கப்பல்காரர் மாலை நேரத்தைக் கடையிலேயே கழித்தார். எழுபத்தொன்று நாற்பதானது. நாற்பது பன்னிரண்டானது. மூன்றாவது வாரக் கடைசியில் பேன்ட் காய்ந்திருந்தது. டீச்சர் கடைக்கு வந்து, சிக்னல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள்தான் கப்பல்காரர் வாயைத் திறந்தார். சிக்னல் முதுகின் கடைசி நட்சத்திரத்தை முடிச்சிட்டு, இடது சிறகுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இன்னும் எத்தனை நாள்?”

“ஒரு சிறகுதானே அண்ணே. பன்னெண்டு நாள். வர்ற மாசம் மூணாந்தேதி சாயங்காலம் கையில இருக்கும்.”

“பலகையில நான் மட்டும் இல்ல தெரியுமா? ஆயில்காரரும் இருந்தார். எஞ்சின்ல எண்ணெய் விடுறவர். நல்ல மனுஷன். ரெண்டாம் நாள் பொழுது சாயறப்ப அது வந்துச்சு. மேல இருக்கா கீழ இருக்கான்னே தெரியல. தண்ணியும் வானமும் ஒரே மாதிரி இருந்துச்சு. பலகையச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆயில்காரர் சிரிச்சார். ‘வாய்யா, எடம் இருக்கு’ன்னார். கைய விட்டார். போயிட்டார். நான் விடல.”

“நல்ல வேளை அண்ணே.”

“விட்டிருக்கணும்” என்றார் கப்பல்காரர், உப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. “கடல்ல இறங்கி நின்னு பாத்தேன். இத்தனை நாளா வரல. இப்ப நீங்க கொண்டாந்துட்டீங்க. மூணாந்தேதிதானே? அன்னைக்குப் போயிடுவோம்.”

‘போயிடுவோம்’ என்றதில் யார் யார் அடக்கம் என்று சிக்னல் கேட்கவில்லை.

கப்பல்காரர் போனபின் கடையைச் சாத்தி, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இதைத் தைத்துக் கொடுத்தால் அந்த மனிதர் போய்விடுவார். கொடுக்காவிட்டால் மறுபடி கடலுக்குப் போவார். மறுநாள் காலை சிக்னல் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பிரிச்சிடுங்க மாஸ்டர்” என்றார். “அதே துணியில நீல நூல்ல சும்மா ஒரு மீன் தைங்க. அழகா இருக்கட்டும். அழகா இருந்தா அவர் அது பின்னால போக மாட்டார்.”

அதுவரை சிக்னல் தைத்த எதையும் பிரித்ததில்லை. அது அவருடைய பெருமை. பெருமைக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. இங்கே விலை, பிரித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் போனது. பருத்தியில் ஊசி போன தடத்தை நகத்தால் நீவி விட்டால் இழைகள் நகர்ந்து மூடிக்கொள்ளும். மெழுகிய துணியில் மூடாது. இரண்டு பகல் பிரித்தார். மனைவி அறுந்த நூலை வாரி ஒரு மருந்துப் பெட்டியில் போட்டார். கடை விளக்கில் மேசைமேல் விரித்தபோது வெறும் கறுப்புத் துணி. துளைகள் கறுப்புக்குள் கறுப்பாகக் கிடந்தன.

“நீல மீனுக்கு நூல் வரணும் டீச்சர், ஒரு வாரம் ஆகும்” என்றார்.

“அதுவரைக்கும் துணி ஜன்னல்ல தொங்கட்டும். மூணு மணிக்கு மேல வெயில் கண்ணக் குத்துது” என்று டீச்சர் வாங்கிப் போனார்.

அடுத்த நாள் மாலை ஐந்தரைக்கு மருந்துக் கடைக்கு டீச்சரின் தொலைபேசி வந்தது. “அக்கா, மாஸ்டரக் கூட்டிட்டு வாங்க. இப்பவே” என்றார்.

வீடு மூன்றாவது மாடியில். கதவு திறந்தே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே நின்றது. திரைச்சீலை முழுக்க ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு வெளிச்சம். மெல்லிய ஊசி போன இடமெல்லாம் பனி மாதிரி மங்கல். தடித்த ஊசி போன நட்சத்திரங்கள் மட்டும் பளிச்சென்று. தரையில் அந்தத் திருக்கை கிடந்தது. தைத்ததைவிடப் பெரிதாக, அறையின் பாதிக்கு. கடல்காற்றில் திரை உப்பித் தணியும்போதெல்லாம் அதன் சிறகு ஒருமுறை எழுந்து தணிந்தது. நூல் இருந்தவரை அது ஒரு படம். நூலை எடுத்துவிட்டார், வந்துவிட்டது.

கப்பல்காரர் அதன் நடுவில் வெறுங்காலுடன் நின்றிருந்தார். சட்டையிலும் முகத்திலும் நட்சத்திரங்கள்.

சூரியன் இறங்க இறங்க உருவம் ஜன்னலைவிட்டு விலகி உள்ளே நகர்ந்தது. அவரும் கூடவே நகர்ந்தார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக. தரையைக் கடந்து, நடுக்கதவைக் கடந்து, சமையலறைச் சுவரில் அது ஏறியது. பாத்திர அலமாரி, தண்ணீர்ப் பானை, நாட்காட்டி எல்லாவற்றின் மேலும் ஏறியது. ஏழு மாதமாகக் கடலுக்குள் போன மனிதர், அதே அளவு நிதானத்தோடு சமையலறைக்குள் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். சூரியன் மூழ்கியது. ஒரு நிமிடத்தில் எல்லாம் அணைந்து, நாட்காட்டி மட்டும் தொங்கியது.

“ஒரு பக்க றெக்கை இல்ல” என்றார் இருட்டில். “அதான் நின்னுடுச்சு. தம்பி வந்திருக்காரா? தம்பி, அந்த றெக்கைய முடிச்சுக் குடுங்க. முடிச்சதும் போறோம். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்.”

அவர் கூடத்துக்குப் போய் நாற்காலியை அமுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று பேரும் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சிக்னல் சட்டைப்பையிலிருந்து கறுப்பு நூல்கண்டை எடுத்தார்.

“எல்லாத் துளையையும் அடைச்சிடறேன் டீச்சர்.”

“அடைச்சா நாளைக்கு மறுபடி தண்ணியில இறங்குவார்.”

“அப்ப முடிச்சுக் குடுக்கறதா?”

சிக்னலின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்துக் கடையில், ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“ஏங்க, உலகத்துல இருக்கற அத்தனை தையக்காரனும் பண்ற வேலை உங்களுக்கு மட்டும் வராதா?”

“என்ன வேலை?”

“இழுத்தடிக்கறது.”

சிக்னல் உண்மையாகவே திகைத்தார். சட்டைக்குப் பொத்தான் வைக்கவே மூன்று ‘நாளைக்கு வாங்க’ சொல்கிற தொழில் அது. அதில் சொன்ன தேதிக்குச் சரக்கைக் கொடுக்கிற ஒரே ஆசாமி அவர். முடிப்பது, பிரிப்பது என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி ஒன்று இருப்பது, சந்தில் உள்ள மிக மோசமான தையற்காரருக்கும் தெரிந்த ஒன்று, அவருக்குத் தோன்றவே இல்லை.

“வலது சிறகுல எத்தனை துளை மாஸ்டர்?” என்று டீச்சர் கேட்டார். குரல் மாறியிருந்தது.

“ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து.”

டீச்சர் கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, நாட்காட்டியின் ஓரத்தில் வகுத்தல் போட்டார். “இடதுக்கும் அத்தனைதான். வாரத்துக்கு ஒண்ணு. நாப்பத்து நாலு வருஷம், சில மாசம். அவருக்குத் தொண்ணூத்தேழு ஆகும்.”

“எனக்குத் தொண்ணூத்திரெண்டு” என்றார் சிக்னல்.

“அதுக்கென்ன, சும்மாதானே இருப்பீங்க” என்றார் மனைவி.

சிக்னல் கூடத்துக்குப் போனார். கப்பல்காரர் எதிரே தரையில் உட்கார்ந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“அண்ணே, இது மெழுகுத் துணி. அவசரப்பட்டா கிழிஞ்சிரும். இனி நூல் வேண்டாம், வெறும் துளை போதும். ஆனா வாரத்துக்கு ஒண்ணுதான் போடலாம்.”

கப்பல்காரர் முன்னால் குனிந்தார். “தேதி சொல்லுங்க.”

சிக்னல் சொன்னார். நாளும் மாதமும் வருடமும். நாற்பத்து நாலு வருடத்துக்கு அப்பால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று டீச்சர் உள்ளேயிருந்து கணக்கிட்டுத் திருத்தினார்.

“நீங்க தேதி தவற மாட்டீங்கன்னு சொன்னாங்க” என்றார் கப்பல்காரர். “சரி. காத்திருக்கேன்.”

காத்திருந்தார். பக்கத்துப் பள்ளி விடுதியில் சமையல் வேலைக்குப் போனார். உப்பு சரியாகவே போட்டார். மாலை ஐந்துக்கு வீட்டுக்கு வந்து, தரையில் அது வந்ததும் எழுந்து, கூடவே நடந்து, சுவரில் கை வைத்துவிட்டு, கைகழுவிச் சாப்பிட்டார். டீச்சர் ஆறு மாதம் பேன்ட்டை அளந்தார். பிறகு ஸ்கேலைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனார்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊசியோடு திரையின் முன் நின்ற சிக்னல் இடது சிறகின் துளைகளை எண்ணினார். ஒன்று கூடுதலாக இருந்தது. கப்பல்காரர் மேல் சந்தேகம் வந்தது, அது இயல்புதான். துணியை விரலால் தடவிப் பார்த்தார். மெழுகுத் துணியில் ஊசி எந்தப் பக்கமிருந்து நுழைந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் துளையின் உதடு பிதுங்கும். அவர் அறைக்குள் நின்று போட்ட துளைகளின் உதடுகள் எல்லாம் கடலைப் பார்த்திருந்தன. இந்த ஒன்றின் உதடு அறைக்குள் பார்த்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்க இடமில்லை. மூன்று மாடி உயரம், கீழே பாறை, அப்பால் தண்ணீர்.

அந்த வீட்டில் யாரிடமும், தன் வீட்டிலும் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. பிறகு வருடத்துக்கு இரண்டு, சில வருடம் ஐந்து என்று அப்படிப்பட்ட துளைகள் வந்தன.

கண் மங்கி, மாடி ஏற முடியாமல் போகும்வரை, இருபத்தோரு வருடம் ஞாயிறுதோறும் அவர் அந்த வீட்டுக்குப் போனார். நூல் கோக்காத ஊசியால் ஒரு துளை போட்டார். தான் போடாத துளைகளைக் கறுப்பு நூலால் அடைத்தார்.